சீட்டுப் பணம் வரும்வரை ஒரு கடைவாய்ப் பல்: வேர் சிகிச்சையை ஏழு வாரம் தள்ளிப்போட்ட நிகழ்வின் ஆய்வு

இங்கே பேசப்படும் நோயாளி ஒரே ஆள் அல்லர். ஒன்றுபோலவே நடக்கும் பல நிகழ்வுகளைச் சேர்த்து ஒருவருடையதாக எழுதியிருக்கிறோம். மருந்தளவு, செய்முறை, காலக்கெடு எல்லாம் நடைமுறையில் உள்ளவை.

நாற்பத்தொரு வயதுப் பெண். சர்க்கரை, ரத்த அழுத்தம், வயிற்றுப்புண் எதுவும் இல்லை. மருந்து ஒவ்வாமையும் இல்லை. பாதிக்கப்பட்டது கீழ்த்தாடை இடப்பக்க முதல் கடைவாய்ப் பல். ஆறு வயதில் முளைக்கும் பல் இது. வாயில் முளைக்கும் நிலைப் பற்களில் பெரும்பாலும் முதலில் வருவதும் இதுவே, முதலில் சொத்தையாவதும் இதுவே. இவருக்குச் சிறு வயதில் வைத்த வெள்ளி நிற அமால்கம் அடைப்பு அதில் இருந்தது. தட்டை கடித்தபோது நாக்குப் பக்கத்து முனை ஒன்று அடைப்பை ஒட்டி உடைந்து விழுந்தது. வேர் சிகிச்சையும் கேப்பும் சேர்த்துச் செலவுக்கு இவர் நம்பியிருந்தது ஏலச்சீட்டுப் பணத்தை. அது கைக்கு வர ஏழு வாரம் இருந்தது.

வேர் சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா என்பதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. பல் மருத்துவர் பார்த்து, உள்ளிருக்கும் வலிக்கு வழி செய்து, பல்லை இறுக மூடி, தேதி குறித்துக் கொடுத்தால் அந்தத் தள்ளிப்போடலும் ஒரு சிகிச்சைதான். மெடிக்கல் ஷாப் மாத்திரையை மட்டும் நம்பித் தள்ளிப்போடுவது வேறு. இவரிடம் இரண்டுமே நடந்தன: முதல் பன்னிரண்டு நாள் ஒரு விதம், அடுத்த ஏழு வாரம் இன்னொரு விதம்.

முதல் பன்னிரண்டு நாள்

உடைந்த அன்று வலி இல்லை. நாக்கு பட்டால் விளிம்பு கீறியது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று இழுத்து இரண்டு மூன்று நொடியில் அடங்கியது. கவனிக்க வேண்டியது இந்த "அடங்கியது" என்பதைத்தான். கூச்சத்தைத் தூண்டிய பொருளை எடுத்தவுடன் வலியும் போய்விட்டால், பல்லுக்குள் இருக்கும் கூழ் (பேச்சுவழக்கில் "நரம்பு") இன்னும் மீளும் நிலையில் இருக்கிறது என்று பொருள். அன்றோ மறுநாளோ போயிருந்தால் சொத்தையைச் சுரண்டி எடுத்து, கிளாஸ் அயனோமர் சிமென்ட் வைத்து மூடியிருக்கலாம். சிறிய வேலைதான். வேர் சிகிச்சையே தேவைப்படாமல் போயிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. இந்த நிகழ்வில் நம்மை வருத்தும் இடம் இதுதான்.

அவர் செய்தது, கிராம்பு எண்ணெயில் நனைத்த பஞ்சைக் குழிக்குள் திணித்ததுதான். கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜெனால் உண்மையிலேயே வலியைக் குறைக்கும். பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் துத்தநாக ஆக்ஸைடு சிமென்ட்டிலும் அதே பொருள்தான் கலக்கப்படுகிறது. தவறு அளவிலும் வைத்த இடத்திலும் இருந்தது. தீக்குச்சித் தலையளவு பஞ்சில் ஒரு சொட்டு விட்டு, பிழிந்து, குழிக்குள் மட்டும் தொட்டு எடுத்தால் போதும். சொட்டச் சொட்ட நனைத்து இரவு முழுக்க வைத்ததால் பக்கத்து ஈறு வெந்து வெள்ளையாகத் தோல் உரிந்தது. பஞ்சு எச்சிலை உறிஞ்சி ஊறி, கிருமிகளுக்கு இருப்பிடமும் ஆனது. ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைப்பதும் இதே புண்ணைத்தான் தரும். எருக்கம்பால், புகையிலை இரண்டும் பல்லுக்கு அருகிலேயே போகக் கூடாதவை. எருக்கம்பால் கன்னச் சதையையே வெந்துபோகச் செய்யும்.

நான்காம் நாள் மெடிக்கல் ஷாப்பில் பெயர் சொல்லாமல் இரண்டு ஆன்டிபயாட்டிக்கும் இரண்டு டைக்ளோஃபினாக் வலி மாத்திரையும் வாங்கினார். வலி அடங்கியது. அடக்கியது டைக்ளோஃபினாக், பெயர் வாங்கியது ஆன்டிபயாட்டிக். கூழ் அழற்சிக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. அங்கே நடப்பது, கடினமான சுவருக்குள் அடைபட்ட சதை வீங்க இடமில்லாமல் தன் ரத்த ஓட்டத்தையே நெரித்துக்கொள்வது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: வீக்கமோ காய்ச்சலோ இல்லாத பல்வலிக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம், பல்லுக்கு நேரடியாகச் சிகிச்சை செய்யுங்கள்.

ஒன்பதாம் நாளிலிருந்து படுத்தால் வலி கூடியது. படுக்கும்போது தலைக்கு ரத்த அழுத்தம் ஏறும். அந்தச் சிறு ஏற்றத்தையே பல்லுக்குள் நெரிபட்ட கூழால் தாங்க முடியாது. வலி காதுக்கும் போனது. எது நோகிறது, பல்லா காதா என்று அவருக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் கையில் ஐஸ் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்தார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு மடக்கு எடுத்து, அந்தப் பல்லின் மேல் தேக்கி வைத்து, துப்பினார். சூடு பட்டால் துடிக்கும், குளிர் பட்டால் அடங்கும் என்ற நிலைக்கு வந்துவிட்ட பல்லில் கூழ் பெரும்பாலும் மீளாது. பல் மருத்துவர் பரிசோதிக்கும் முன்பே அந்தப் பாட்டில் பாதியைச் சொல்லிவிடும்.

பரிசோதனையில் தெரிந்தவை

குளிர்ச் சோதனையை நோகும் பல்லில் தொடங்கக் கூடாது. முதலில் வலப்பக்கத்து அதே பல், பிறகு அடுத்த பல், கடைசியாகத்தான் இது. நல்ல பற்களில் கூச்சம் இரண்டு மூன்று நொடியில் போனது. இதில் குளிர் பட்ட கணம் வலி குறைந்ததுபோல் இருந்து, பின் ஏறி, அரை நிமிடத்துக்கு மேல் நீடித்தது. கண்ணாடியின் கைப்பிடியால் மெல்லத் தட்டியபோது லேசான நோவு. ஈறுக்கும் பல்லுக்கும் இடையே அளவு குறித்த மெல்லிய கம்பியை விட்டுச் சுற்றிலும் பார்த்ததில் எல்லா இடத்திலும் 2 முதல் 3 மி.மீ. ஆழம்தான்.

இந்தக் கடைசி அளவு மிக முக்கியம். உடைந்த பல்லைச் சுற்றி ஓர் இடத்தில் மட்டும் ஊசி நுழைவதுபோல் ஒடுக்கமாக 7, 8 மி.மீ. இறங்கினால், விரிசல் வேர்வரை போயிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்படிப்பட்ட பல்லுக்கு ஏழு வாரம் காத்திருப்பதும் வீண், அதற்குப் பின் செய்யும் செலவும் வீண். காத்திருக்கத் தகுந்த பல்தானா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

எக்ஸ்ரேயில் பழைய அடைப்பின் அடியில் சொத்தை கூழை எட்டியிருந்தது. பின்பக்க வேரின் நுனியில் பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலான கோடு சற்று அகன்றிருந்தது. கருநிழல் இல்லை. நிழல் இல்லாததால் நோயே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; எலும்பின் கனிமம் கணிசமாகக் கரைந்த பிறகுதான் அது எக்ஸ்ரேயில் தெரியும். மீதமிருந்த பல் சுவர் ஈறுக்கு மேல் 2 மி.மீ.க்குக் குறையாமல் சுற்றிலும் நின்றது. கேப் பிடித்து நிற்க அந்த அளவு வேண்டும்.

முடிவு: மீளாத கூழ் அழற்சி, வேர் நுனியில் தொடக்கநிலை அழற்சி, காப்பாற்றத் தகுந்த பல். செலவுக்காக மட்டும் தள்ளிப்போடுபவர்களிடம் சென்னை, புதுக்கோட்டை போன்ற இடங்களில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிகளைப் பற்றிச் சொல்வது முதல் கடமை. அங்கே செலவு குறைவு. ஆனால் பலமுறை போய்வர வேண்டும். இவருக்குப் பயணம் ஒத்துவரவில்லை.

அன்றே செய்தது

கூழில் கெட்ட பகுதியை எடுத்துவிட்டு, வேர்க்குழாய்களை முழுதாக முடிப்பதைப் பின்னால் வைத்துக்கொள்வது என்று முடிவானது. வலியை நிறுத்த மாத்திரையை விட இதுதான் உறுதியான வழி.

கீழ்த்தாடை நரம்புக்கு 2 சதவீத லிக்னோகைன், அட்ரினலின் கலந்தது, ஊசியாகப் போடப்பட்டது. உதடு மரத்தும் பல் மரக்கவில்லை. கொதித்துக்கொண்டிருக்கும் கீழ்க் கடைவாய்ப் பல்லில் இது சர்வசாதாரணம். மருத்துவரின் கைக்குறை அல்ல. கன்னப் பக்கத்தில் 4 சதவீத ஆர்ட்டிகைன் கூடுதலாகப் போட்ட பிறகே வேலை தொடங்கியது. ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பு ஐபுபுரூஃபன் கொடுப்பது இந்தச் சிக்கலைக் குறைக்கும்.

ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைத் தனியே பிரிக்கும் ரப்பர் திரை) கட்டி, அமால்கம் முழுவதும் எடுத்து, சொத்தையை ஓரங்களிலிருந்து சுத்தம் செய்து, கடைசியாகக் கூழ் அறையின் கூரையைத் திறந்தார்கள். மேல் கூழை வேர்க்குழாய் வாய்வரை வெட்டியெடுத்து, சோடியம் ஹைப்போகுளோரைட்டில் நனைத்த பஞ்சை வைத்துக் காத்திருந்தார்கள். முன் வேரின் இரண்டு குழாய் வாய்களிலும் ஐந்து நிமிடத்துக்குள் ரத்தம் நின்றது. பின் வேரில் பத்து நிமிடம் ஆகியும் கசிந்தது.

இந்த ரத்தக் கசிவுதான் அடுத்த அடியைத் தீர்மானிக்கிறது. மூன்றிலும் நின்றிருந்தால் பயோடென்டின் போன்ற கால்சியம் சிலிகேட் சிமென்ட்டை மேலே வைத்து, வேர் சிகிச்சையே வேண்டாம் என்று கண்காணிப்போடு விட்டுவைக்கும் வாய்ப்பு இருந்தது. முழுமையாக வளர்ந்த பற்களுக்கும் அந்த முறை இப்போது மதிக்கத்தக்க வழியாகிவிட்டது. உங்கள் பல்லுக்கு அது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை. நிற்காத கசிவு, அழற்சி வேருக்குள் இறங்கிவிட்டதைக் காட்டியது. ஆகவே பின் வேரின் அகலமான குழாயிலிருந்து கூழ் முழுவதும் எடுக்கப்பட்டு, கால்சியம் ஹைட்ராக்ஸைடு பசை வைக்கப்பட்டது. அறையின் தரையிலும் அதே பசை மெல்லிய படலமாக.

இனி மூடும் வேலை. ஏழு வாரம் தாங்குவதும் தாங்காததும் இதில்தான் இருக்கிறது. வழக்கமாகப் பஞ்சுருண்டை வைத்து மேலே தற்காலிகச் சிமென்ட் பூசுவார்கள். ஒரு வாரத்துக்கு அது சரி. ஏழு வாரத்துக்குச் சரிவராது. பஞ்சு மெத்தைபோல் அமுங்கும். கடிக்கும்போது மேலிருக்கும் சிமென்ட் உள்ளே இறங்கும். ஒற்றை நூலிழை ஓரத்தில் மாட்டினாலும் திரிபோல் எச்சிலை உள்ளே இழுக்கும். அதனால் கிருமிநீக்கம் செய்த டெஃப்லான் நாடாவின் சிறு துண்டு குழாய் வாய்களின் மேல் படிய வைக்கப்பட்டு, அதன் மேல் 4 மி.மீ.க்குக் குறையாத கனத்தில் கடைவாய்க்கான கெட்டி வகை கிளாஸ் அயனோமர் வைக்கப்பட்டது. ஈரம் பட்டு இறுகும் தற்காலிகப் பசை வகைகள் இரண்டு மூன்று வாரம் தாண்டினால் தேயவும் கசியவும் தொடங்கும்.

கிளாஸ் அயனோமர் கலவையில் பளபளப்பு இருக்கும்போதே பல்லில் வைத்தாக வேண்டும். மங்கிய பிறகு வைத்தால் ஒட்டாது, வெறுமனே உட்கார்ந்திருக்கும், ஒரு நாள் கழன்று வரும். வைத்ததும் மேலே வாசலின் தடவினால் முதல் சில நிமிடங்களில் எச்சில் பட்டு வெளுப்பதையும் வறண்டு வெடிப்பதையும் தடுக்கும்.

இரண்டு பாதுகாப்புகள் கூடுதலாகச் செய்யப்பட்டன. நின்றிருந்த முனைகளை 1.5 மி.மீ. தேய்த்து, எதிர்ப் பல் அவற்றில் முட்டாதபடி கடிக்கும் தாளால் சரிபார்த்தார்கள். பிறகு பல் சீரமைப்புக்குப் பயன்படும் எஃகு வளையம் ஒன்றைப் பீப்பாய்க்குப் பட்டை போடுவதுபோல் பல்லைச் சுற்றிச் சிமென்ட்டால் ஒட்டினார்கள். உள்ளே குடைந்த கடைவாய்ப் பல் காத்திருக்கும் காலத்தில் வலியால் தொலைவதை விட நடுவே பிளந்து தொலைவது அதிகம். அதிகச் செலவில்லாத அந்த வளையம் கேப் வரும்வரை பல்லைக் கட்டிக் காக்கும். பலர் இதைக் கேட்பதே இல்லை; கேளுங்கள்.

ஏழு வாரம் எப்படிக் கழிந்தது

மரப்பு இறங்கும் முன்பே ஐபுபுரூஃபன் 400 மி.கி., பாராசிட்டமால் 500 மி.கி., இரண்டும் சேர்த்து, சாப்பாட்டுக்குப் பின். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரண்டு நாள். தனித்தனியே எடுப்பதை விட இந்த ஜோடி பல்வலிக்கு நன்றாகக் கேட்கும். ஒன்று நினைவிருக்கட்டும்: காம்பிஃப்ளாம் மாத்திரைக்குள்ளேயே ஐபுபுரூஃபன் 400-உம் பாராசிட்டமால் 325-உம் இருக்கின்றன. அதோடு டோலோ 650, கால்பால் 650 என்று சேர்த்துப் போட்டால் பாராசிட்டமால் இரண்டு முறை போகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்சம் 4 கிராம். மது அருந்துபவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பது, ஆஸ்பிரினால் ஆஸ்துமா வருவது, கர்ப்பம் ஆகியவை இருந்தால் ஐபுபுரூஃபனை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. காய்ச்சல் அடித்து டெங்கு சந்தேகம் இருக்கும்போதும் கூடாது, பாராசிட்டமால் மட்டும்தான்.

மூன்றாம் நாளிலிருந்து மாத்திரை தேவைப்படவில்லை. இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். முதல் சிட்டிங்கில் வலி நின்றதும் திரும்ப வராமல் போவதால் இழக்கும் பற்கள் ஏராளம். வலி நின்றது, நோகக்கூடிய சதையை எடுத்துவிட்டதால். முன் வேரில் மீதமிருக்கும் கூழ் மெல்ல மெல்லச் சாகலாம், எந்த அறிகுறியும் காட்டாமல். சிகிச்சையே செய்யாத பல்லில் வலி தானாக நின்றுபோனாலும் இதே கதைதான்: கூழ் செத்துவிட்டது, கிருமி வேர் வழியே எலும்பைத் தேடிப் போகிறது. அதனால் இவருக்கு ஏழாவது வாரத்தின் சனிக்கிழமை தேதி அன்றே சீட்டில் எழுதித் தரப்பட்டது.

வீட்டில் செய்யச் சொன்னவை எளியவை. வலப்பக்கம் மெல்லுதல். முறுக்கு, சீடை, கரும்பு, கமர்கட்டு, எலும்பு எதுவும் இடப்பக்கம் போகக் கூடாது. தூரிகையை அந்தப் பல்லில் போடப் பயப்படாமல், ஃப்ளோரைடு பசையால் இரண்டு வேளை துலக்குதல். நோகும் என்று துலக்காமல் விட்டால் வளையத்தைச் சுற்றி ஈறு வீங்கும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுச் சாப்பாட்டுக்குப் பின் கொப்பளித்தல். பல் இடுக்கில் நூல் விட்டால் மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுத்தல். மேலே இழுத்தால் அடைப்பும் கூடவே வரும்.

வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டு, மூன்று சோதனை. நாக்கால் அடைப்பின் விளிம்பைத் தடவிப் பார்ப்பது. விரல் நுனியால் பல்லை மேலிருந்தும், வேருக்கு நேரே ஈறையும் அழுத்திப் பார்ப்பது. கண்ணாடியில் ஈறில் பருபோல் ஏதாவது புடைத்திருக்கிறதா என்று பார்ப்பது. அந்தப் பரு உடைந்து வாயில் கரிப்பு தட்டினால் வலி இருக்காது, ஆனால் உள்ளே சீழ் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஐந்தாவது வார ஞாயிறு, நாக்குப் பக்க விளிம்பில் கால் அரிசியளவு பள்ளம் தட்டுப்பட்டது. காய்ந்த சப்பாத்தியை மறந்து இடப்பக்கம் கடித்திருக்கிறார். வலி இல்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமையே போனார். கெட்ட பகுதியைச் சற்று உள்வரை செதுக்கி எடுத்து, புதுச் சிமென்ட் வைத்து, கடி சரிபார்க்கப்பட்டது. டெஃப்லான்வரை கசிவு போகவில்லை. இரண்டு வாரம் கழித்துக் காட்டிக்கொள்ளலாம் என்று இருந்திருந்தால், அந்தப் பள்ளம் வழியே எச்சில் இறங்கி, உள்ளே வைத்த மருந்தெல்லாம் பயனற்றுப் போயிருக்கும். அடைப்பு முழுதாகக் கழன்று விழுந்து உடனே போக முடியாத நிலை வந்தால், குழியைக் கழுவி, சாப்பிடும்போது மட்டும் சிறு பஞ்சால் மூடி, சாப்பிட்டதும் எடுத்துவிட்டு, ஒன்றிரண்டு நாளுக்குள் மருத்துவரிடம் சேர வேண்டும். ஃபெவிக்விக், எம்சீல் வைத்து ஒட்டுவது வாயைச் சுடும், பிறகு பல்லையே எடுக்க வைக்கும்.

எப்போது தேதியைக் கிழித்துப்போட வேண்டும்

காத்திருக்கும் எந்த நாளிலும், கன்னமோ தாடையின் அடிப்பகுதியோ வீங்கினால் ஏற்பாடு முடிந்தது, அன்றே மருத்துவர். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது, வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்காதது, எச்சிலை விழுங்க முடியாதது, நாக்கு மேலே தள்ளப்படுவது, குரல் கம்மிப்போவது, மூச்சு இழுப்பது ஆகியவை பல் மருத்துவமனைக்கல்ல, நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உரியவை. கீழ்க் கடைவாய்ப் பற்களின் சீழ் நாக்கின் அடியிலும் தாடையின் அடியிலும் பரவி மூச்சுக்குழலை நெருக்கும். லுட்விக் ஆஞ்சைனா என்று அதற்குப் பெயர். வில்ஹெல்ம் ஃபிரெட்ரிக் வான் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் 1836-இல் விவரித்தது. இன்றும் உயிரைக் குடிக்கக் கூடியது. மேல்தாடைப் பல்லானால், கண்ணைச் சுற்றி வீங்குவதும் அவசரம்தான்.

வீக்கத்துக்கு வெளியே சுடச்சுட உப்பு ஒத்தடம் கொடுப்பது நம் வீடுகளில் பழக்கம். வேண்டாம். சூடு ரத்த ஓட்டத்தைக் கூட்டி வீக்கத்தையும் கூட்டும். துணியில் சுற்றிய ஐஸ், பதினைந்து நிமிடம், எடுத்துவிட்டு மறுபடியும். இங்கேதான் ஆன்டிபயாட்டிக்குக்கும் இடம் வருகிறது, அதுவும் சீழை வெளியேற்றுவதோடு சேர்த்து. சீழ் வடியட்டும் என்று பல்லைத் திறந்தே வாரக்கணக்கில் விட்டுவைக்கும் பழைய முறை நல்லதல்ல. சோறும் பருப்பும் வேர்க்குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

கட்டுக்குள் வராத சர்க்கரை, கீமோதெரபி தொடங்க இருப்பவர், இதய வால்வு அறுவைக்குத் தேதி வாங்கியவர், ஸ்டீராய்டு நீண்ட நாள் எடுப்பவர்: இவர்களுக்கு இந்த ஏழு வாரக் கணக்குப் பொருந்தாது. கர்ப்பிணிகளுக்கு நிலைமை எதிர்மாறு: குழந்தை பிறக்கட்டும் என்று மாதக்கணக்கில் வலியோடு இருப்பதை விட, கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் (நான்கு முதல் ஆறு மாதம்) செய்துகொள்வதே நல்லது. பல் எக்ஸ்ரேயும் மரப்பூசியும் அதற்குத் தடை இல்லை.

முடித்தது

ஏழாவது வாரம் வளையத்தைக் கழற்றாமலே வேலை தொடங்கியது. ரப்பர் டேம் பிடிக்க அது வசதியாகவே இருந்தது. டெஃப்லானை எடுத்ததும் குழாய் வாய்கள் தெளிவாகத் தெரிந்தன. முன் வேரின் ஒரு குழாயில் கூழ் உயிரோடு இருந்தது, மற்றதில் செத்திருந்தது. வலி துளியும் இல்லாத ஏழு வாரத்தில் நடந்தது அது. மூன்று குழாய்களும் அளக்கப்பட்டு, கழுவப்பட்டு, கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருள் கொண்டு அடைக்கப்பட்டன. பத்து நாள் கழித்து வளையம் போய் கேப் வந்தது. வேர் நுனி எக்ஸ்ரேக்கு அடுத்த தேதி ஆறு மாதம் கழித்து.